இடம் மாறிய அழைப்பு: தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

மிஷனரிப் பயிற்சிக்கு வரும் இளைஞர்களோடு பல வருடமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். அவர்களில் பலரை உடைத்துப் போடுவது ஒரு கடிதம்தான். ஒரு பணித்தளத்துக்கென்று ஜெபித்து, அந்த மொழியில் நாலு வார்த்தை படித்து, அழுத அம்மாவைத் தேற்றி, பெட்டி கட்டும் நேரத்தில் "உங்களை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறோம்" என்று வந்து சேரும் கடிதம். "ஐயா, அந்த ஜனத்தைக் காட்டித்தானே ஆண்டவர் என்னை அழைச்சார்? இப்ப இடத்தை மாத்திட்டாங்கன்னா, அன்னைக்கு நான் கேட்டது யாரோட சத்தம்?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். ஒரு வசனத்தைச் சொல்லி, தோளைத் தட்டி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. அவனுக்காகத்தான் சீகன்பால்குவின் முதல் சில ஆண்டுகளை மறுபடி எடுத்துப் படித்தேன்.

பர்த்தலோமேயு சீகன்பால்குவைத் தமிழ்ச் சபைகளில் அறியாதவர் குறைவு. தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்டவர், தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்தவர். மேடையில் அவரைப் பற்றிப் பேசும்போது, தமிழருக்கென்றே பிறந்து தமிழரைத் தேடியே வந்தவர் போலத்தான் பேசுகிறோம். நடந்தது அப்படி இல்லை. அவருடைய பணித்தளம் இரண்டு முறை மாறியது. தரங்கம்பாடி மூன்றாவதாக வந்த பெயர்.

ஆளும் பின்னணியும்

சீகன்பால்கு 1682 ஜூலை 10 அன்று ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். சாகும் தறுவாயில் அவருடைய தாய் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்களுக்கு ஒரு பொக்கிஷம் வைத்திருக்கிறேன், வேதப்புத்தகத்தில் தேடுங்கள், அதன் பக்கங்களை என் கண்ணீரால் நனைத்திருக்கிறேன் என்று சொன்னதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஹாலே நகரில் பிராங்கே என்ற பக்தி இயக்கத் தலைவரிடம் படிக்கப் போனார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. வயிற்றுக் கோளாறு அவரை விட்டு நீங்கவே இல்லை. படிப்பும் இடையிடையே நின்றது. மிஷனரி அழைப்பு வந்தபோது பெர்லின் அருகே ஒரு சபையில் தற்காலிகமாக உதவிக்கொண்டிருந்தார். தன் படிப்பும் போதாது, உடம்பும் போதாது என்று தயங்கினார்.

இந்தத் தயக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றல் வந்து தடுமாறும் இளைஞரிடம் "அந்தக் காலத்து ஊழியர்கள் எவ்வளவு உறுதியாக இருந்தார்கள் பார்" என்று சொல்லிவிடுகிறோம். சீகன்பால்கு அப்படி உறுதியோடு புறப்பட்ட ஆள் இல்லை.

இடம் மாறிய விதம்

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் தன் குடியேற்றங்களுக்கு மிஷனரிகளை அனுப்ப விரும்பினார். ஆள் தேடும் பொறுப்பு அரண்மனைப் போதகர் லுட்கென்ஸிடம் வந்தது. டென்மார்க்கில் ஆள் அமையவில்லை. அவர் முன்பு பெர்லினில் பணியாற்றியவர் என்பதால் அங்கிருந்த நண்பர்களைக் கேட்டார். அவர்கள் சொன்ன பெயர்கள் சீகன்பால்குவும், அவரைவிடச் சில வயது மூத்த ஹென்ரிக் புளுட்சாவும்.

அப்போது டேனியர் கையில் மேற்கிந்தியத் தீவுகளில் இடம் இருந்தது, ஆப்பிரிக்காவில் கினியா கரையில் கோட்டைகள் இருந்தன, சோழமண்டலக் கரையில் தரங்கம்பாடி இருந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தத்தால் கிடைத்த ஊர் அது. முதலில் மேற்கிந்தியத் தீவுகள் என்று பேச்சு. பிறகு கினியா. கடைசியில் கிழக்கிந்தியா, தரங்கம்பாடி. மூன்று கண்டம், மூன்று தட்பவெப்பம், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மொழிகள். எல்லாம் சில மாதங்களுக்குள் நடந்து முடிந்தது.

1705 நவம்பர் 11 அன்று கோபன்ஹேகனில் இருவருக்கும் குருப்பட்டம். அதே மாதக் கடைசியில் சோபியா ஹெட்விக் என்ற கப்பலில் ஏறிவிட்டார்கள். இடையில் மூன்று வாரம்கூட இல்லை. தமிழ் என்று ஒரு மொழி இருக்கிறது என்பதைத் தாண்டி அதைப் படிக்கக் கையில் ஒன்றுமில்லை. டேனியக் குடியேற்றத்தில் புழங்கிய போர்த்துகீசிய மொழியும் தெரியாது. எங்கே போகிறார்கள் என்று தெரிந்தது. அங்கே போய் யாரிடம் எந்த மொழியில் பேசுவது என்று அனுப்பியவர்களும் யோசித்து வைத்திருக்கவில்லை.

தம்பி கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு பகுதி வெளிச்சம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். சீகன்பால்கு இந்த மாற்றங்களைத் தேவ நடத்துதல் என்றே எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த நடத்துதல் அவருக்கு வந்து சேர்ந்தது அரசர், போதகர், டேனிய வணிகக் கம்பெனி, கப்பல் புறப்படும் தேதி ஆகியவற்றின் வழியாகத்தான். அவர் பதிந்து நின்றது தாய் காட்டிய புத்தகத்தின்மேல். ஊரின் பெயர் மாறியபோது அது மாறவில்லை. தம்பி கேட்ட சத்தத்தையும் ஊர்ப் பெயரையும் நாம்தான் முதல் நாளிலிருந்தே ஒன்றாகச் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டோமோ என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இறங்கிய நாள்

ஏழு மாதத்துக்கு மேல் கடல். நன்னம்பிக்கை முனையில் சில நாள் தங்கல். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். மறுநாள் சீகன்பால்குவுக்கு 24 வயது.

வரவேற்பு என்று ஒன்றும் இல்லை. டேனியக் கம்பெனிக்கு மிஷனரிகள் வருவதே பிடிக்கவில்லை. கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவர்களை நெடுநேரம் காக்க வைத்துத்தான் பார்த்தார். யார் அனுப்பியது, இங்கே என்ன வேலை என்ற தோரணையில் பேச்சு. பிறகு அவர்கள் வெயிலில் தெருவில் நின்றார்கள். இரக்கப்பட்ட ஒருவர் தங்க இடம் கொடுத்தார். அரசரின் முத்திரை இட்ட ஆவணம் கையில் இருந்தும் தலைசாய்க்க இடம் இல்லை.

இந்த நாளை நான் பயிற்சி வகுப்பில் மெதுவாகச் சொல்வேன். மாற்றலாகிப் போன இடத்தில் அங்குள்ளவர்களே "உங்களை நாங்கள் கேட்கவில்லையே" என்று சொல்லும் அனுபவம் நம் பிள்ளைகளுக்கு நேர்கிறது. அது தங்கள் குறையால் வந்தது என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

மணல்

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அடுத்து வரும் மாதங்கள்.

சீகன்பால்குவும் புளுட்சாவும் முதலில் போர்த்துகீசியம் படிக்கத் தொடங்கினார்கள். அதுதான் ஐரோப்பியர் வீடுகளிலும் அவர்களிடம் வேலை செய்தவர்களிடமும் புழங்கிய மொழி. ஆனால் ஊர் மக்கள் பேசியது தமிழ். ஐரோப்பியர் அதை அப்போது மலபார் மொழி என்றார்கள். அதைக் கற்றுத்தர ஆள் தேடியதில் எழுபது வயது உள்ள ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியார் கிடைத்தார். அவரிடம், உங்கள் பள்ளியை எங்கள் வீட்டிலேயே வைத்து நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அவரும் பிள்ளைகளோடு வந்தார்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தரையில் மணல் பரப்பியிருக்கிறது. சிறு பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் கொட்டி உட்கார்ந்து, விரலால் 'அ' எழுதுகிறார்கள், எழுதும்போதே உரக்கச் சொல்கிறார்கள், கையால் தட்டி அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்கள். அதே வரிசையில் குருப்பட்டம் பெற்ற இரண்டு ஐரோப்பியர்கள். பக்கத்துப் பையன் எழுதுவதைப் பார்த்து அவர்களும் விரலால் எழுதுகிறார்கள். வாத்தியாருக்குப் போர்த்துகீசியம் தெரியாது. ஆகவே எழுத்தும் ஒலியும் வந்தன, பொருள் வரவில்லை. என்ன படிக்கிறோம் என்று புரியாமலே படித்தார்கள்.

ஹாலேயில் எபிரேயமும் கிரேக்கமும் பார்த்தவர், இங்கே ஆறு வயதுப் பையனுக்குச் சமமாக மணலில் விரல் வைத்தார். மாற்றலாகிப் போகும் நம் ஊழியர்களில் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு. பழைய இடத்தில் பிரசங்கியார், புதிய இடத்தில் காய்கறி வாங்கக்கூட வாய் வராது. அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் ஒன்று ஆங்கிலம் பேசும் நாலு பேருக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள், அல்லது வந்த வாரமே மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பிரசங்கம் தொடங்கிவிடுவார்கள். சீகன்பால்குவுக்கும் அந்த இரண்டு வழியும் திறந்துதான் இருந்தது.

பொருள் விளங்கவைக்க அடுத்து வந்தவர் அழகப்பன். கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், போர்த்துகீசியமும் வேறு ஐரோப்பிய மொழிகளும் அறிந்தவர். அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார் சீகன்பால்கு. மிஷனரிகளுக்கு உதவியதால் அழகப்பன் பின்னால் பெரும் தொல்லைக்கு ஆளாகி ஊரைவிட்டு வெளியேறவும் வேண்டியதாயிற்று. மிஷனரி வரலாற்றில் இவருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. சீகன்பால்கு பேசிய முதல் பொருளுள்ள தமிழ் வாக்கியத்தில் இவருக்குப் பாதிப் பங்கு உண்டு.

எட்டு மாதத்தில் படிக்கவும் எழுதவும் பேசவும் வந்துவிட்டது. கரையிறங்கி ஓராண்டு ஆன சில வாரத்தில், 1707 ஆகஸ்டில், புதிய எருசலேம் என்ற சிறு ஆலயம் கட்டித் திறந்து, தமிழிலும் போர்த்துகீசியத்திலும் ஆராதனை நடத்தினார்கள்.

ஒரு நாள் அட்டவணை

தான் தமிழ் படித்த விதத்தை சீகன்பால்கு ஒரு கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். காலை ஏழு முதல் எட்டு வரை, முன்பு எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் படிப்பது. எட்டு முதல் பன்னிரண்டு வரை அதுவரை படிக்காத தமிழ் நூல்கள் மட்டும். பக்கத்தில் ஒரு வயதான புலவர், ஒரு எழுத்தர். புலவர் விளக்குவார். எழுத்தர் புதுச் சொல்லை அந்த நிமிடமே ஓலையில் எழுதிக்கொள்வார். மதியச் சாப்பாட்டின்போது ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். மாலை மூன்று முதல் ஐந்து வரை மறுபடி நூல்கள். இரவு ஏழு மணிக்கு மேல், தன் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள, தான் படிக்காமல் வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒரே ஆசிரியரின் நூலைத் திரும்பத் திரும்ப வாசிக்கக் கேட்டு, அந்த நடையில் பேசிப் பார்ப்பார்.

கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். ஓலைச்சுவடியில் எழுத்தாணிக் கீறலை எண்ணெய் விளக்கில் படித்துப் பார்த்தவருக்குத் தெரியும் அது எவ்வளவு கடினம் என்று. உடம்பு நலிந்தவர் தன் பலவீனத்தை மறைக்காமல் அதற்கு ஏற்றபடி அட்டவணை போட்டிருக்கிறார். மதியம் ஒரு மணி நேரம் ஓய்வும் அதில் இருக்கிறது. "ஊழியத்தில் ஓய்வு ஏது" என்று பெருமை பேசும் மூத்தவர்களுக்கு இதை வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

புது இடத்துக்குப் போனவர்களின் முதல் மாதங்கள் பெரும்பாலும் உருவமற்றுக் கலைந்துபோகின்றன. என்ன செய்வது என்று தெரியாது, செய்தது போதுமா என்றும் தெரியாது. சீகன்பால்கு பலன் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, மணிக்கணக்கை மட்டும் கையில் பிடித்துக்கொண்டார்.

படித்தது அவரை மாற்றியது

எழுத்தர்களை வெளியூர்களுக்கு அனுப்பிச் சுவடிகளை வாங்கச் செய்தார். கணவனை இழந்த பெண்களிடமிருந்து பல சுவடிகள் வந்தன. 1708இல் தன்னிடம் இருந்த 119 தமிழ் நூல்களுக்குக் குறிப்புகளோடு ஒரு பட்டியல் தயாரித்தார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

ஐரோப்பாவில் இருந்தபோது மற்றவர்களைப் போலத் தானும் இந்த மக்களை நாகரிகம் அறியாதவர்கள் என்று எண்ணியிருந்ததாகவும், அவர்கள் நூல்களைப் படித்த பிறகு ஐரோப்பிய அறிஞர்கள் பேசும் துறைகள் இங்கும் ஒழுங்காகப் போதிக்கப்படுவதைக் கண்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அவர் தன் விசுவாசத்தைத் தளர்த்தவில்லை. விக்கிரக வணக்கத்தைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்பதை அறிந்த பிறகு பேசினார். 1708 அக்டோபரில் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711 மார்ச்சில் முடிந்தது. அச்சாகி முழுமையாக வந்தது 1715இல்.

கூட வந்தவர்

புளுட்சாவை வரலாறு ஓரமாக வைத்துவிடுகிறது. இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: சீகன்பால்கு தமிழ்ப் பக்கம், புளுட்சாவ் போர்த்துகீசியப் பக்கம். 1707 மே மாதம் முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். அவர்களை எட்ட உதவியது போர்த்துகீசியம். புளுட்சாவ் 1711இல் ஐரோப்பா திரும்பினார், பின்னர் ஹோல்ஸ்டைன் பகுதியில் ஒரு சபைக்குப் போதகரானார். ஒரே மாற்றல், ஒரே கப்பல். ஒருவர் தங்கினார், ஒருவர் திரும்பினார். திரும்பியவரைத் தோற்றவர் என்று எழுத என் கை வரவில்லை. அவரைத் துணையாக அனுப்பியிராவிட்டால் சீகன்பால்கு முதல் வருடத்தைத் தாண்டியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

சிறை

இந்த ஆய்வில் அவரைக் குறையில்லாதவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. 1708இல் ஒரு நாவிதரின் விதவைக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த வேறொருவருக்கும் கடன் வழக்கு ஒன்று நடந்தது. சீகன்பால்கு அந்த ஏழைப் பெண்ணுக்காகத் திரும்பத் திரும்பத் தலையிட்டார். ஹாசியஸ் கூப்பிட்டு அனுப்பியபோது, எழுத்தில் அழைப்பாணை வந்தால்தான் வருவேன் என்றார். கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் மறுத்தார். நவம்பர் 19 முதல் மறு ஆண்டு மார்ச் 26 வரை, நான்கு மாதத்துக்கு மேல் டேனியக் கோட்டையில் அடைத்து வைத்தார்கள். எழுதுகோலும் மையும்கூட முதலில் மறுக்கப்பட்டன.

விதவைக்காக நின்றது சரி. அந்த நியாயத்தை அவர் கொண்டுபோன விதத்தில் இளமையின் முறுக்கும் இருந்தது. பழகாத ஊரில், தன்னை விரும்பாத அதிகாரியின் கீழ், இரண்டு வருடம் அடக்கி வைத்த கோபம் ஒரு வழக்கில் வெடித்தது என்று நான் வாசிக்கிறேன். இடமாற்றத்தின் வலி முதல் மாதத்தில் வெளிவரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இரண்டாம் ஆண்டில்தான் அது பெரும்பாலும் வேறொரு சண்டையின் முகத்தோடு வருகிறது. பணித்தளத்தைப் பார்வையிடப் போகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் கட்டாயம் ஒரு முறை போங்கள்.

அனுப்பியவர்கள்

மாற்றலுக்கு ஆளானவர் ஒத்துப்போகக் கற்க வேண்டும் என்றே எல்லோரும் பேசுகிறோம். அனுப்பியவர்கள் ஒத்துப்போனார்களா? 1708இல் அனுப்பிய பணப்பெட்டி கரையிறக்கும்போது கடலில் போய்விட்டது. துணைக்குப் புதிய மிஷனரிகள் வந்தது 1709இல்தான், மூன்று ஆண்டு கழித்து. அப்போது வந்த கிருண்ட்லர்தான் கடைசிவரை தோள் கொடுத்தார்.

இதைவிட எனக்கு வலிப்பது இன்னொன்று. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி, மக்களிடமே கேட்டறிந்து, சீகன்பால்கு 1713இல் ஒரு பெரிய நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். புறமத விஷயங்களை ஐரோப்பாவில் பரப்புவதற்கா உங்களை அனுப்பினோம் என்ற எண்ணத்தில் பிராங்கே அதை அச்சிடவில்லை. அது சென்னையில் அச்சேறியது 1867இல். இடத்தை மாற்றியவர்கள், அந்த இடம் கற்றுக்கொடுத்ததை வாங்கிக்கொள்ள ஆயத்தமாக இல்லை. நம் மிஷனரிச் சங்கங்களின் அலுவலகங்களிலும் பணித்தள அறிக்கைகள் எண்ணிக்கைக்காக மட்டுமே படிக்கப்படுகின்றன. மாற்றலாகிப் போன பிள்ளை அங்கே கண்டதைக் கேட்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவர் யார்?

திரும்பிய பயணம்

1714 அக்டோபரில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். மிஷன் காரியங்களை நேரில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. எட்டு ஆண்டுக்குப் பின் சொந்த மண். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரைக் கூடவே அழைத்துப் போனார். மாதக்கணக்கில் நீளும் கடல் பயணத்தில் தமிழ் பேச ஆள் வேண்டும், நாக்கு மறந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி, 1716இல் ஹாலேயில் அச்சிட்டார். மரியா டொரோத்தியாவை மணந்தார்.

உடம்பு அப்படியே நலிந்துதான் இருந்தது. அங்கேயே தங்க நியாயமான காரணங்கள் எத்தனையோ இருந்தன. மேற்கிந்தியத் தீவு, கினியா என்று முன்பு பேசியவர்கள் இந்த முறை அவருக்கு இடம் குறிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. 1716இல் மனைவியோடு கப்பலேறி, தரங்கம்பாடிக்குத் திரும்பி வந்தார்.